புகைக்கு வக்காலத்து

புகைக்கும் அப்புக்காத்துமார் கிடைத்துவிட்டார்கள். "ஆலைப் புகையால் தீமை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அப்புகையில் கந்தகம் இருக்கிறது. கந்தகம் பங்கசுக்கு நஞ்சு என்பது தோட்டக்காரன் ஒவ்வொருவனும் அறிந்த செய்தி. புகைபோக்கி உயர்ந்த இடத்தில் பயிர்நோய் தாழும். காசின்றிக் காற்றுத் தெளிக்கும் மருந்தை ஏன் தூற்றுகிறீர்கள்?" இதுவே அவர்களின் வாதம். சொல்பவர்கள் எழுத்தறியாதவர்கள் அல்லர். விஞ்ஞானம் கற்றவர்களும் இதைச் சொல்கிறார்கள். ஆதலால் சிரித்துத் தள்ளிவிட முடியாது, பிரித்துப் பார்க்கவேண்டியிருக்கிறது.

இது வெறும் ஏட்டு விவகாரம் அன்று. 1950 இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் போரினால் நின்றுபோயிற்று. 2009 இல் போர் ஓய்ந்த நாள் தொட்டு, அதனை மீண்டும் இயக்கவேண்டும் என்ற பேச்சுப் பலமுறை எழுந்து அடங்கியிருக்கிறது. நாளை சீமெந்து ஆலை வரலாம், வேறோர் ஆலை வரலாம், மின்நிலையம் வரலாம். வரட்டும். எங்கள் இளைஞருக்கு வேலை வேண்டும். தொழிற்சாலை என்ற சொல்லைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொள்ளும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர் நாம். ஆனால், கரவெட்டியிலோ துன்னாலையிலோ அரை ஏக்கர் செம்பாட்டு நிலத்தில் வெங்காயம் நாட்டிப் பிழைப்பவன், "என் பயிருக்கு என்ன நேரும்?" என்று கேட்கும் நாளில், "உன் பயிருக்குப் புகை மருந்தப்பா!" என்ற விடை அவன் முகத்தில் எறியப்படக் கூடாது. அந்த விடை பொய் என்பதை இன்றே நிறுவி வைப்பது நம் கடமை.

எதிர்வாதியின் மிகச் சிறந்த சான்றை முதலில் நாமே எடுத்து வைப்போம். இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் ஒரு காலத்தில் ரோசாச் செடிகளுக்குக் கரும்புள்ளி நோய் வருவதில்லை. நாட்டுப்புறத்துத் தோட்டங்களில் இலைகளைக் கறுக்கவைத்து உதிர்த்த அந்தப் பங்கசு, புகை சூழ்ந்த நகரத்தில் தலைகாட்டவில்லை. சோண்டர்ஸ் என்ற ஆய்வாளர் 1966 இல் இதற்குக் கணக்கும் சொன்னார்: ஒரு கன மீற்றர் காற்றில் கந்தகவீரொட்சைட்டு ஏறத்தாழ 100 மைக்கிரோகிராமைத் தாண்டினால் அந்நோய் பரவ முடியாது. காரணமும் எளிது. பங்கசின் வித்தி இலைமேல் நிற்கும் நீர்ப்படலத்தில் முளைக்கிறது, கந்தகம் எரிவதால் எழும் அவ்வாயு அதே நீரிற் கரைந்து அமிலமாகிறது, முளை கருகிவிடுகிறது. ஐரோப்பாவின் சிக்கமோர் மரத்திலையில் தார்ப்பொட்டுப் போலத் தோன்றும் மற்றொரு பங்கசும் புகைநகரங்களில் அருகியே இருந்தது. இவை யாவும் உண்மை. மறுப்பதற்கில்லை.

ஆனால் அதே புகை வேறு என்ன செய்தது? 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டன் மாநகரை அப்புகை மூடிற்று. ஏறத்தாழ 4000 பேர் மாண்டனர் என்றது அக்காலத்துக் கணக்கு. பின்வந்த ஆய்வாளர்கள் 12000 வரை மதிப்பிட்டார்கள். மாண்டவர்களுள் முதியவரும் குழந்தைகளும் நெஞ்சுநோயாளரும் மிகுதி. அந்த மரணங்களுக்குப் பின்னரே 1956 இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. காற்றுத் தெளிந்தது, ரோசாவின் கரும்புள்ளியும் மெல்லத் திரும்பிற்று. இதைக் காட்டித்தான் "பார்த்தீர்களா, புகை போனதும் நோய் வந்தது!" என்கிறார்கள். ரோசாவிலையின் கணக்கில் அந்த 4000 பேரை எந்தப் பத்தியில் எழுதுவது என்று அவர்களைத்தான் கேட்கவேண்டும். பங்கசின் முளையைக் கருக்கும் அமிலம் மனிதனின் சுவாசப்பையை மட்டும் தடவிக்கொடுத்துவிட்டுப் போகும் என்று நம்புவதற்கு மூடநம்பிக்கை என்று பெயர். பட்டம் பெற்றவர் நம்பினாலும் பெயர் அதுவே.

மனிதரை விடுவோம், பயிரையே பார்ப்போம். புகை பயிர்நோயை ஒழிக்கிறதா? ஒழிக்கவில்லை, ஒரு நோயின் இடத்தில் இன்னொன்றை அமர்த்துகிறது. இதற்கு 160 ஆண்டுச் சாட்சி ஒன்று உண்டு. இங்கிலாந்தில் றொதம்ஸ்ரெட் என்னுமிடத்தில் ஜோன் பெனற் லோஸ் என்பவர் 1843 இல் கோதுமை வயற் பரிசோதனை ஒன்றைத் தொடங்கினார். அவ்வயலின் தானியத்திலும் வைக்கோலிலும் ஒரு பகுதியைக் காயவைத்துப் பொதிந்து பாதுகாத்து வந்தார்கள். உலகப் போர்கள் வந்து போயின; பொதிகள் அழியவில்லை. 1844 தொடக்கம் 2003 வரையான அப்பொதிகளில் உறைந்திருந்த பங்கசுகளின் மரபுப்பொருளை ஆராய்ந்து, 2005 இல் ஆய்வாளர் சிலர் முடிவை வெளியிட்டனர். கோதுமையிலையைப் புள்ளியிட்டுக் கருக்கும் பங்கசுகள் இரண்டு: செப்ரோறியா திரித்திசி ஒன்று, செப்ரோறியா நொடோறம் மற்றொன்று. நாட்டின் ஆலைகள் கக்கிய கந்தகவீரொட்சைட்டு ஏற ஏற நொடோறம் ஓங்கிற்று. 1970 ஐ ஒட்டி உச்சத்தை எட்டிய அவ்வாயு பின்னர் இறங்க இறங்க, நொடோறம் தாழ்ந்து திரித்திசி தலைதூக்கிற்று. இரண்டின் விகிதமும் புகையின் அளவோடு கைகோத்தே நடந்திருக்கிறது.

இதன் பொருளென்ன? புகை பெருகிய காலத்திலும் கோதுமைக்கு நோய் இருந்தது; அருகிய காலத்திலும் நோய் இருந்தது. எந்தப் பங்கசு ஆளவேண்டும் என்பதையே புகை தீர்மானித்தது. ஒரு கொடுங்கோலனை இறக்கி மற்றொருவனை ஏற்றுவதைச் சுதந்திரம் என்று கொண்டாடலாமா? இன்னொன்றும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. லோஸ் ஓர் ஆலை முதலாளி. 1842 இல் சுப்பர்பொசுபேற்றுப் பசளைக்கு உரிமைப்பத்திரம் பெற்று, கந்தக அமிலத்தைக் கொண்டு அப்பசளையைச் செய்து விற்றுப் பொருள் சேர்த்தவர். ஆலை முதலாளியின் வயலே ஆலைப் புகையின் மீது சாட்சி சொல்லியிருக்கிறது. இதனினும் நடுநிலையான சாட்சியை எங்கே தேடுவது?

இனி, கந்தகத்தோடு கதை முடிவதில்லை. மோட்டார் வாகனங்களும் எரிபொருள் எரிக்கும் நிலையங்களும் விடும் வாயுக்கள் வெயிலிற் கலந்து ஓசோனாகின்றன. வான்வெளியின் உயரத்தில் நம்மைக் காக்கும் அதே ஓசோன், நிலத்தருகே இலைக்கு நஞ்சு. இலைவாய் வழியே புகுந்து கலங்களைச் சிதைக்கிறது. பங்கசுகளுள் இரு இயல்பினவை உண்டு. துருநோய்ப் பங்கசு போன்றவை உயிருள்ள இழையத்தில் மட்டுமே வாழும். சாம்பற் பூஞ்சணம் எனத்தக்க பொத்ரைற்றிஸ் போன்றவை நொந்த இழையத்தில் நுழைந்து, கொன்று, கொன்றதை உண்டு பெருகும். ஓசோன் இலையைப் புண்ணாக்கும்போது முதல்வகை சில வேளை தளரலாம். இரண்டாம் வகைக்கோ அது பந்திப் பாய் விரித்த கலியாண வீடு.

இதுவும் ஊகமன்று. அமெரிக்காவில் மானிங் முதலானோர் 1969 இல் உருளைக்கிழங்குச் செடியிற் கண்டது இதுவே: ஓசோன் சுட்ட இலையிற் பொத்ரைற்றிஸ் எளிதிற் குடிபுகுந்தது. 1977 இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு எங்கள் ஊரவர் நெஞ்சில் எழுதிவைக்கவேண்டியது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், எங்கள் உறவினர் பல்லாயிரவர் இன்று குடியிருக்கும் அதே மாகாணத்தில், வெங்காய வயல்களில் இலை நுனியிலிருந்து கருகிவரும் நோயை ஆராய்ந்தார்கள். ஓசோன் பட்ட இலைகளையே பொத்ரைற்றிஸ் பற்றுவது தெரிந்தது. காற்றை வடிகட்டிக் கொடுத்த இடத்தில் கருகல் குறைந்தது. கமக்காரன் கண்டது பங்கசை. பங்கசுக்குக் கதவைத் திறந்துவிட்டதோ காற்று. வெங்காயமும் உருளைக்கிழங்கும் யாருடைய பயிர்கள் என்று யாழ்ப்பாணத்தவருக்கு எடுத்துச் சொல்லவேண்டுமா?

சீமெந்து ஆலையின் தூசியையும் சுண்ணக்கல் உடைக்கும் ஆலைகளின் தூசியையும் எடுத்துக்கொள்வோம். கந்தகமாவது பங்கசின் எதிரி என்று பேர்வாங்கியிருக்கிறது. சுண்ணத் தூசிக்கு அந்தப் பேரும் இல்லை. தூசி படிந்த இலை ஒளியை இழக்கிறது, மேற்றோல் சிதைகிறது, பங்கசுக்கு வசதியாகிறது. அமெரிக்காவில் சுண்ணக்கல் ஆலைகளை அண்டி வளர்ந்த காட்டு முந்திரிகைக் கொடிகளை ஆராய்ந்து 1971 இல் வெளியிட்ட முடிவு, தூசி படிந்த இலைகளில் இலைப்புள்ளி நோய் மிகுந்திருந்தது என்பதாகும். முந்திரிகைப் பந்தலை நம்பி வாழும் குடும்பங்கள் நம்மிடையேயும் உண்டு. "புகை மருந்து" என்பவர்கள் "தூசியும் மருந்து" என்று சொல்லத் துணிவார்களா?

இவ்விடத்தில் நம் பழைய வழக்கங்களையே சிலர் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அடுப்புக்கு மேலே பரணில் விதையைத் தொங்கவிட்டாள் ஆச்சி, பூஞ்சணம் அண்டவில்லை. குடிலில் வைத்துப் பொச்சுமட்டைப் புகை ஊட்டினார்கள் புகையிலைக்கு, அது கெடவில்லை. "நம் முன்னோரே புகையின் பயனை அறிந்திருந்தார்கள்!" என்று பெருமை பேசுகிறார்கள். முன்னோர் அறிவை நாமும் மதிக்கிறோம். அதனாலேயே அதனைப் பிழையாகப் பயன்படுத்துவதைப் பொறுக்க முடியவில்லை. ஆச்சி புகையூட்டியது உறங்கும் விதைக்கு. தோட்டக்காரன் புகையூட்டியது வெட்டி வாடவைத்த இலைக்கு. இரண்டும் ஈரம் போக்கிக் காக்கவேண்டிய பண்டங்கள். நிலத்தில் நிற்கும் பயிர் பண்டம் அன்று. அது மூச்சு விடுகிறது. பச்சைப் புகையிலைக் கன்று நிற்கும் தோட்டத்தில் எந்தக் கமக்காரனாவது புகை மூட்டியதுண்டா? உயிருள்ளதற்கும் உயிரற்றதற்கும் உள்ள வேறுபாடு படியாத கமக்காரனுக்குத் தெரிந்திருந்தது.

எதிர்வாதியின் கையில் இன்னும் ஓர் அம்பு இருக்கிறது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவோம். ஐரோப்பாவில் கந்தகப் புகை குறைந்தபின், சில நிலங்களிற் பயிருக்குக் கந்தகச் சத்துப் போதாமற் போயிற்று. அதுவரை காற்றிலிருந்து இறங்கிய கந்தகம் நின்றதால் கமக்காரர் அதனைப் பசளையாக இடவேண்டியதாயிற்று. உண்மையே. ஆனால் அதன் பொருள், பயிருக்குக் கந்தகம் வேண்டும் என்பதேயன்றி, பயிருக்குப் புகைபோக்கி வேண்டும் என்பதன்று. வேண்டிய அளவை, வேண்டிய பயிருக்கு, வேண்டிய காலத்தில் மண்ணில் இடலாம். குழந்தைக்கு உப்புச் சத்து வேண்டும் என்பதற்காகக் கடலில் தள்ளுவார் உண்டா? மருந்து என்பது அளவும் காலமும் அறிந்து கொடுப்பது. அளவின்றி, கேளாமல், எல்லார் தலையிலும் கொட்டப்படுவதற்கு மருந்து என்று பெயரிடுவது தமிழுக்கே இழைக்கும் கொடுமை.

பங்கசின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு மற்றவற்றைத் தப்பவிடும் வித்தை இந்தத் தீவுக்குப் புதிதன்று. 1869 இல் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் துருநோய் தோன்றிற்று. 1880 இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி இங்கு வந்து இரண்டாண்டு ஆராய்ந்தார். அப்பங்கசின் வித்திகளைக் காற்றே சுமந்து செல்கிறது என்பதைக் காட்டியதோடு அவர் நிற்கவில்லை. மலைமலையாக, இடைவெளியின்றி, ஒரே பயிரை நட்டதே அதன் பெருக்கத்துக்கு வழிசெய்தது என்றும் எடுத்துரைத்தார். தோட்டத் துரைமார் எதிர்பார்த்தது மருந்து. கிடைத்ததோ அவர்களின் பயிர்முறை மீதே ஒரு குற்றப்பத்திரிகை. கோப்பி அழிந்தது. துரைமார் தேயிலைக்கு மாறினார்கள். கோப்பியை நம்பி வந்திருந்த தமிழ்த் தொழிலாளரின் வயிற்றிலேயே அந்த அழிவின் அடி விழுந்தது. நோய்க்கு மூன்று முகம் உண்டு என்று வகுப்பில் நாம் முக்கோணம் வரைந்து காட்டுகிறோம்: நோய்க்கிருமி ஒன்று, பயிர் ஒன்று, சூழல் ஒன்று. கிருமிக்கு மருந்து விற்கும் கம்பனி இருக்கிறது. பயிருக்குப் புதிய விதை விற்கும் கம்பனி இருக்கிறது. சூழலைப் பற்றிப் பேசினால் மட்டும் எவருக்கும் இலாபம் இல்லை. ஆகவே முக்கோணத்தின் மூன்றாம் பக்கம் கரும்பலகையோடு நின்றுவிடுகிறது.

இலாபம் ஒருவனுக்கு, புகை இன்னொருவனுக்கு என்ற பங்கீட்டை அறிய நெடுந்தூரம் போகவேண்டாம். மன்னார்க் குடாவின் அக்கரையிலே தூத்துக்குடி இருக்கிறது. ஸ்டெர்லைட் செம்பு ஆலை முதலில் மகாராட்டிரத்து இரத்தினகிரிக்கென்றே திட்டமிடப்பட்டது. அங்கே மாந்தோப்புக்காரரும் மீனவரும் எதிர்த்தெழுந்தனர். 1993 இல் வேலை நிறுத்தப்பட்டது. ஆலை தூத்துக்குடிக்கு வந்தது. செம்புக் கனியத்தை உருக்கும்போது எழுவது அதே கந்தகவீரொட்சைட்டுத்தான். 2013 மார்ச் 23 ஆம் நாட் காலையில் நகர மக்கள் கண்ணெரிந்து மூச்சுத் திணறினர். 2018 மே 22 இல் ஆலைக்கெதிராக ஊர்வலம் சென்றவர்கள்மீது பொலிசார் சுட்டதில் 13 பேர் மாண்டனர். அதன்பின் மூடப்பட்ட ஆலையைத் திறக்கக் கோரிய மனுவை 2024 பெப்ரவரி 29 இல் இந்திய உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இலவச மருந்து என்று நம் அப்புக்காத்துமார் போற்றும் அவ்வாயுவுக்குத் தூத்துக்குடி மக்கள் கொடுத்த விலை இது.

காற்றுக்கு எல்லையில்லை என்பதையும் நாம் பட்டறிந்திருக்கிறோம். 2022 டிசம்பரில், வங்கக் கடலில் புயல் நின்ற வேளையில், வடபுலக் காற்று மாசைச் சுமந்துவந்து இத்தீவை மூடிற்று. டிசம்பர் 9 அன்று அரச பாடசாலைகளுக்கு விடுமுறை விடப்பட்டது. பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினோம். சரி, தோட்டத்தில் நின்ற பயிரை எந்த வீட்டுக்குள் வைப்பது? மாரிப் போகத்து உருளைக்கிழங்கும் வெங்காயமும் நிலத்தில் நின்ற காலம் அது. அன்று அந்த இலைகள் எதைச் சுவாசித்தன, அதன்பின் எந்த நோய் கூடியது, எது குறைந்தது என்று நம் தோட்டங்களில் நின்று கணக்கெடுத்தவர் யார்? கருகிய இலையோடு கடைக்குப் போகும் கமக்காரனுக்கு ஒரே விடைதான் கிடைக்கிறது: "மருந்தடி." அவன் அடிக்கிறான், கடன்படுகிறான், மறுபடியும் அடிக்கிறான்.

"சான்று எங்கே?" என்று கேட்பதே அதிகாரத்தின் முதல் தற்காப்பு. சுன்னாகத்தில் மின்நிலையத்தின் எண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்தபோது கிணற்று நீரே சான்றாயிற்று. மணந்தது, படலம் மிதந்தது. மக்கள் போத்தலில் அள்ளிக் காட்டினார்கள். அவ்வாறிருந்தும் உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈட்டுக்குத் தீர்ப்பளிக்க 2019 ஏப்ரில் வரை செல்லவேண்டியிருந்தது. காற்றைப் போத்தலில் அள்ளிக் காட்ட முடியாது. ஆகவே சான்றைத் தீங்கு வருவதற்கு முன்னரே சேர்த்துவைக்கவேண்டும். பின்னர் வருவது புகையா சுகமா என்று சொல்வதற்கு, முன்னர் இருந்தது எது என்ற கணக்கு வேண்டும்.

எமது கோரிக்கைகள் எளியவை. வடக்கில் எந்த ஆலை வருவதற்கு முன்னும், சுற்றுப்புறத் தோட்டங்களிலுள்ள பயிர்நோய்களின் நிலை பதிவுசெய்யப்பட்டு மக்கள்முன் வைக்கப்படவேண்டும். காற்றை அளக்கும் கருவிகள் நகரத்துக் கூரைகளில் மட்டுமன்றித் தோட்டவெளிகளிலும் நிற்கவேண்டும். நோய் பெருகினால் அதன் செலவு மருந்துக்கடைக் கடனாகக் கமக்காரன் தலையில் விழாமல், புகைபோக்கிக்கு உடையவனின் கணக்கில் ஏறவேண்டும். ஆலை அரசினுடையதானாலும் இதுவே நீதி. திருநெல்வேலியில் விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. அறிவுக்குப் பஞ்சமில்லை, அந்த அறிவு யார் பக்கம் நிற்பது என்பதே கேள்வி.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே, அரசின் ஆணைக்குக் காத்திராமல் நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. றொதம்ஸ்ரெட் வயலின் சாட்சி எதனால் உயிர்பெற்றது? விலையுயர்ந்த கருவியாலா? அக்கருவி வந்தது கடைசியில். முதலில் வந்தது ஒரு பிடி வைக்கோலை வீசாமல் எடுத்துவைத்த ஒழுங்கு. அந்த ஒழுங்குக்குப் பணம் வேண்டியதில்லை. நம் ஊர்ப் பாடசாலைகளின் விஞ்ஞான மன்றங்கள் ஒவ்வொன்றும் போகந்தோறும் அயற்றோட்டத்திலிருந்து வெங்காயத் தாளும் மிளகாயிலையும் முந்திரிகையிலையும் பறித்து, தாளிடையே அழுத்திக் காயவைத்து, இடமும் நாளும் பயிரும் கண்ட நோயும் எழுதிச் சேமிக்கட்டும். ஒரே பாடசாலையில் மட்டும் வைக்கவேண்டாம். இரண்டு மூன்று இடங்களிற் பகிர்ந்து வைக்கட்டும். 1981 இல் ஒரே இரவில் நூலகத்தை நெருப்புக்குக் கொடுத்த மண் இது; சான்றை ஓரிடத்திற் குவித்துவைக்கும் வசதி நமக்கில்லை.

புகைக்காக வாதாட அப்புக்காத்துமார் இருக்கிறார்கள்; அவர்களுக்குக் கட்டணம் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். இலைக்கு வாயில்லை. அதற்காகச் சாட்சிப் பெட்டியில் ஏறவேண்டியவர்கள், அதனைப் படிக்கத் தெரிந்த நாம். வருகிற போகத்திலேயே முதல் இலையைப் பறித்துக் காயவைப்போம்.